ஏழாவது கட்டம்

ஒலவக்கோடு ஸ்டேஷன் வாசலில்
இரவு பதினொன்றே காலுக்குக் கணக்கெடுப்பு தொடங்கியது.
சமூகப்பணி, முதுகலை இரண்டாம் ஆண்டு,
இருவர் இருவராக ஒன்பது அணி.
எனக்கும் ஷிஜினுக்கும்
ஆட்டோ நிறுத்தத்திலிருந்து
மேம்பாலத்தின் கடைசித் தூண் வரை.

படிவத்தில் முதல் கேள்வி பெயர்.
அப்புறம் வயது, தாய்மொழி, இன்னும் என்னென்னவோ.
ஏழாவது: நிரந்தர முகவரி.
அந்தக் கட்டம்தான் இருப்பதிலேயே பெரியது,
நான்கு வரி எழுத இடம் விட்டிருந்தார்கள்.

தூங்குகிறவரை எழுப்பக்கூடாது என்பது விதி.
எழுப்பாமல் எப்படிக் கேட்பது
என்பதற்கு விதி இல்லை.
போர்வைக்கு வெளியே பாதம் மட்டும் தெரிந்த ஒருவரை
ஷிஜின் முப்பத்தைந்து என்றான்,
நான் ஐம்பது என்றேன்.
நாற்பத்திரண்டில் சமாதானமானோம்.

மூன்றாம் தூணடியில்
சுக்லால் முர்மு விழித்திருந்தான்.
தும்கா பக்கம் ஏதோ ஊர்.
கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் ஆலை,
கை வெந்ததும் கணக்கு முடித்துவிட்டார்கள்.
அறை ஆலையினுடையது.
தாய்மொழி சந்தாலி என்றான்.
ஷிஜின் பெங்காலி என்று எழுதினான்.
கெட்டவனல்ல ஷிஜின்.
சந்தாலிக்குப் படிவத்தில் குறியெண் இல்லை.

அப்போதுதான் ஜீப் வந்தது.
டார்ச் வெளிச்சம் சுக்லால் முகத்தில் நின்றது,
பிறகு என் முகத்தில்.
ஷிஜின் பக்கம் அது திரும்பவே இல்லை.
"ஆதார் உண்டோ?"
என்னையும் சேர்த்துத்தான் கேட்டார்.

என் நிறத்துக்கு வேலந்தாவளத்தில் பெயர் கிடையாது.
அங்கே எல்லோரும் இந்த நிறம்தான்.
பஸ் ஏறி மேற்கே ஒரு மணி நேரம் வந்தால்
அதற்கொரு பெயர் இருக்கிறது,
விடுதி அறைத்தோழிகள் சிபாரிசு செய்யும்
சோப்பு இருக்கிறது,
கடைக்காரர் எடுத்த எடுப்பில் பேசும் இந்தி இருக்கிறது.

நான் வாயைத் திறந்தேன்.
ககரம் நான்கும் பகரம் நான்கும் இடறாத மலையாளம்,
ஐந்து வருஷம் கண்ணாடி முன்னால் பழகியது.
டார்ச் தாழ்ந்தது.
"மோளே, ராத்ரி சூக்ஷிக்கணே" என்றார்.
சுக்லால் மட்டும் ஜீப்பில் ஏறினான்.
சும்மா விசாரிக்கத்தானாம்.
அவன் செருப்பு தூணடியிலேயே கிடந்தது.

அவனும் என்னோடுதான் வந்தான் என்று
ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம்.
இலக்கணமாகவே சொல்லியிருப்பேன்.

ஐந்தாம் தூணில் ஒரு அம்மாள்,
பிஸ்கட் பெட்டி அட்டைமேல் உட்கார்ந்து
எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"தமிழ்ப்புள்ளதானே கண்ணு நீ?
ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிட்டு வந்தயே.
எண்ணறப்ப ஆருக்கும் வேற பாசை வராது."

ஜீப் இன்னும் திருப்பத்தில்தான் நின்றது.
"பேரு எந்தா அம்மே?" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
பிறகு அவளும் மலையாளத்துக்கு மாறினாள்,
நிதானமாக, எனக்குச் சிரமம் தராமல்.
நாச்சாத்தாள். அறுபத்து மூன்று.
ஏழாவதற்குக் கதவு எண் சொன்னாள்,
தெரு சொன்னாள், தாராபுரம் சொன்னாள்,
பின்கோடு ஆறு இலக்கமும் தவறில்லாமல் சொன்னாள்.
நான்கு வரியும் நிறைந்துவிட்டது.
அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்?
அந்தக் கேள்வி படிவத்தில் இல்லை.

விடிந்ததும் படிவங்களைச் சரிபார்த்தார்கள்.
சுக்லாலின் தாளில் சிவப்புக் கோடு.
நள்ளிரவு பன்னிரண்டுக்குக்
கூரைக்குக் கீழே இருந்தவர்
வீடற்றவர் ஆகமாட்டாராம்.
ஸ்டேஷன் லாக்கப்புக்குக் கூரை உண்டு.
எங்கள் அணியின் எண்ணிக்கை அறுபத்தொன்று என்று ஏறியது.
ஷிஜின் கையெழுத்துப் போட்டான்.
பேனாவை வாங்கி நானும் போட்டேன்.

நான் எண்ணியது அறுபத்திரண்டு.

மதியம் பஸ்ஸுக்குப் போகும்போது
மூன்றாம் தூணடியில் பார்த்தேன்.
செருப்பைக் காணோம்.
எட்டாம் நம்பர்,
இடது வார் கம்பியால் கட்டியது.
அவனே வந்து எடுத்திருக்கலாம்.